வரைபடக் கோப்பைத் திறக்கும்போது வரும் மேக்ரோ எச்சரிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கட்டட வரைபட அலுவலகங்கள், ஒப்பந்ததாரர் அலுவலகங்கள், பாசனப் பணிகளுக்குப் படம் போட்டுத் தருபவர்கள் ஆகியோரின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதிக்குள் தூர்வாரும் பணிகள் முடிந்தாக வேண்டும் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்கால்களின் நீள்வெட்டு, குறுக்குவெட்டுப் படங்கள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு ஓயாமல் போய்வருகின்றன. அந்த அவசரத்தில்தான் மேக்ரோ எச்சரிக்கையைப் படிக்காமலேயே பலரும் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் பயந்துபோய் நல்ல கோப்பையே அழித்துவிடுகிறார்கள்.

இரண்டு பக்கத்தாரும் என்னிடம் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இங்கு அதிகம் புழங்கும் லிப்ரேஆபிஸ் டிரா, மைக்ரோசாஃப்ட் விசியோ ஆகிய இரண்டு வரைபட மென்பொருள்களையும் மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன. மெனுப் பெயர்களைத் திரையில் தெரியும்படியே தந்திருக்கிறேன்.

1. மேக்ரோன்னா என்ன சார்? படத்துக்குள்ள அதுக்கு என்ன வேலை?

மேக்ரோ என்பது கோப்புக்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்ட ஒரு சிறு நிரல். கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்ய வைப்பதற்காக எழுதப்படுவது. ஒரு வாய்க்காலின் நீள்வெட்டுப் படத்தில் 50 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு இருக்கிறது என்றால், ஒவ்வொன்றுக்கும் எண் போடுவது, தரைமட்டத்தையும் தூர்வார வேண்டிய ஆழத்தையும் எழுதுவது, ஓரத்தில் உள்ள தலைப்புக் கட்டத்தில் பணியின் பெயரையும் தேதியையும் நிரப்புவது ஆகியவற்றை ஒரு மேக்ரோ நொடியில் முடித்துவிடும். விசியோவில் இது விபிஏ மொழியிலும், டிராவில் பெரும்பாலும் லிப்ரேஆபிஸ் பேசிக் மொழியிலும், சில இடங்களில் பைத்தானிலும் எழுதப்படுகிறது.

ஆகவே, மேக்ரோ இருப்பது குற்றமல்ல. நன்றாக வரையத் தெரிந்த ஒருவர் தம் உழைப்பை மிச்சப்படுத்திக்கொள்ள எழுதியதாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

2. எச்சரிக்கை வந்துட்டாலே உள்ள வைரஸ் இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. அந்த எச்சரிக்கை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கோப்பில் படத்தோடு ஒரு நிரலும் இருக்கிறது. அந்த நிரல் நல்லதா கெட்டதா என்று டிராவோ விசியோவோ ஆராய்ந்து பார்த்துச் சொல்வதில்லை. மதகு எண் போடும் மேக்ரோவுக்கும் கணினியையே முடக்கும் மேக்ரோவுக்கும் ஒரே வாசகம்தான் வரும்.

இதன் மறுபக்கத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். எச்சரிக்கை வராத கோப்பு சுத்தமானது என்றும் பொருளில்லை. யாராவது பாதுகாப்பு நிலையைத் தாழ்த்தி வைத்திருந்தால் எதற்குமே எச்சரிக்கை வராது. மேக்ரோ சத்தமில்லாமல் ஓடிவிடும்.

3. டிசேபிள் கொடுத்தா படம் கெட்டுப்போயிடாதா? நாளைக்குக் காலையில பிரிண்ட் கொடுக்கணும்.

கெட்டுப்போகாது. கோடுகள், எழுத்துகள், அளவுகள், அடுக்குகள், பக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அச்சிடலாம், பிடிஎஃப் ஆக்கலாம், கோட்டை நகர்த்தித் திருத்தலாம், சேமிக்கலாம். மேக்ரோவை அனுமதிக்காமல் இருப்பது எப்போதும் பாதுகாப்பானது என்று லிப்ரேஆபிஸ் தன் எச்சரிக்கைப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிப்பவர்கள்தான் குறைவு.

வேலை செய்யாமல் போவது மேக்ரோவை நம்பியிருக்கும் பகுதிகள் மட்டுமே. படத்தில் வைத்திருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. திறந்தவுடன் தானாக மாற வேண்டிய தலைப்புக் கட்டத்தில் பழைய பணியின் பெயரோ பழைய தேதியோ அப்படியே நிற்கும். எனவே, அச்சுக்கு அனுப்புவதற்கு முன் தலைப்புக் கட்டத்தை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்து, தேவைப்பட்டால் கையால் திருத்திக்கொள்ளுங்கள். காலையில் கொடுக்க வேண்டிய படத்துக்கு அது போதும்.

4. எனேபிள் கொடுத்தா அப்படி என்ன ஆயிடும்? வெறும் வாய்க்கால் படம்தானே?

படம் வாய்க்கால் படம்தான். மேக்ரோவின் அதிகாரம் படத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் விஷயம். அனுமதி கிடைத்தவுடன், கணினியில் உட்கார்ந்திருக்கும் உங்களால் எதையெல்லாம் செய்ய முடியுமோ ஏறக்குறைய அதையெல்லாம் மேக்ரோவாலும் செய்ய முடியும். கோப்புகளைப் படிக்கலாம், அழிக்கலாம், இணையத்திலிருந்து வேறொரு நிரலை இறக்கி ஓடவிடலாம், உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பலாம்.

இது புதிய கதையல்ல. வேர்டு கோப்புகள் வழியே பரவிய கான்செப்ட் என்ற மேக்ரோ வைரஸ் 1995-இலேயே வந்துவிட்டது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா, ஒருவர் கோப்பைத் திறந்ததும் அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்த முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. பின்னாளில் வந்த எமோடெட் போன்றவை, மேக்ரோவை வாசலாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு, உள்ளே நுழைந்த பிறகு கடவுச்சொற்களைத் திருடின, மிரட்டிப் பணம் பறிக்கும் நிரல்களுக்கு வழிவிட்டன.

நம் பகுதி அலுவலகக் கணினிகளில் என்னவெல்லாம் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விவசாயிகள் கொடுத்துச் சென்ற பட்டா நகல், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புல வரைபடங்கள், திறக்கப்படாத ஒப்பந்தப்புள்ளி விலைகள் எல்லாம் ஒரே கணினியில் கிடக்கின்றன. டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் பலர் காலையில் செருகிவிட்டு மாலைவரை எடுப்பதில்லை. ஒரு படத்தில் எண் போடும் வசதிக்காக இவ்வளவையும் பணயம் வைக்கலாமா என்பதே கேள்வி.

5. அனுப்பினவர் பல வருஷப் பழக்கம் சார். அவர் ஃபைலையும் சந்தேகப்படணுமா?

மனிதரைச் சந்தேகிக்க வேண்டாம், கோப்பை விசாரியுங்கள். அவருக்கே தெரியாமல் அவருடைய கணினியிலிருந்து கோப்பு போயிருக்கலாம், அல்லது யாரிடமிருந்தோ வந்ததை அவர் திறக்காமலேயே உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். மெலிசா பரவியதும் தெரிந்தவர் அனுப்பியது என்ற நம்பிக்கையில்தான்.

செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. "நீங்கள் அனுப்பிய படத்தில் மேக்ரோ இருக்கிறது என்று காட்டுகிறது, நீங்கள் வைத்ததா, எதற்கு வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். வந்த மின்னஞ்சலுக்கே பதில் போட்டுக் கேட்காமல் குரலில் கேட்பது நல்லது, ஏனெனில் அந்த மின்னஞ்சல் கணக்கே வேறொருவர் கையில் இருக்கக்கூடும். "ஆமாம், மதகு எண் போட வைத்தேன்" என்று தெளிவான பதில் வந்தால் ஒரு வழி பிறக்கும். "மேக்ரோவா, அப்படி எதுவும் இல்லையே" என்று வந்தால், அனுமதிக்காமல் விட்டது எவ்வளவு நல்லதென்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

6. ஃபைல் பேரைப் பார்த்தே மேக்ரோ இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியுமா?

விசியோவில் பெருமளவு முடியும். 2013 பதிப்பிலிருந்து, விஎஸ்டிஎக்ஸ் என்று முடியும் கோப்பில் மேக்ரோ இருக்க முடியாது. விஎஸ்டிஎம் என்று முடிந்தால் இருக்கலாம். வடிவங்களைச் சேர்த்து வைக்கும் ஸ்டென்சில் கோப்புகளுக்கும் வார்ப்புருக் கோப்புகளுக்கும் இதே முறைதான்: கடைசி எழுத்து எம் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் விஎஸ்டி என்று முடியும் பழைய வகைக் கோப்பில் மேக்ரோ இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் இருக்கலாம், பெயர் காட்டிக்கொடுக்காது.

டிராவின் ஓடிஜி கோப்புக்கும் அதே நிலைதான். மேக்ரோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிஜிதான். இதோடு, விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்தே காட்டும் என்பதால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை முதலில் இயக்கி வையுங்கள். நான் ஒரு புதிய கணினியைத் தயார் செய்யும்போது செய்யும் முதல் வேலைகளில் அது ஒன்று.

7. அனுமதி கொடுக்காமலே உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். டிராவில் கோப்பை மேக்ரோ முடக்கப்பட்ட நிலையிலேயே திறந்து, டூல்ஸ், மேக்ரோஸ், ஆர்கனைஸ் மேக்ரோஸ், பேசிக் என்று செல்லுங்கள். இடது பக்கப் பட்டியலில் கோப்பின் பெயர் இருக்கும். அதன் கீழே ஸ்டாண்டர்டு, அதற்குள் மாட்யூல்கள், அதாவது நிரல் எழுதி வைக்கும் பகுதிகள். ஒன்றைத் தேர்ந்து எடிட் கொடுத்தால் நிரலின் வரிகள் தெரியும். படிப்பது ஓடவிடுவது ஆகாது. முடக்கப்பட்ட நிலையில் தவறுதலாக ரன் அழுத்தினாலும் பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடும்.

நிரல் எழுதத் தெரியாதவரும் சிலவற்றைக் கவனிக்க முடியும். எண் போடும் மேக்ரோவுக்கு இணைய முகவரி தேவையில்லை. எனவே எச்டிடிபி என்று தொடங்கும் வரி இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஷெல் என்ற சொல் வேறொரு நிரலை ஓடவிடும். கில் என்பது கோப்பை அழிக்கும். பொருளே இல்லாத நீண்ட எழுத்துக் கோவைகள், ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து ஒட்டப்பட்ட சொற்கள் ஆகியவை எதையோ மறைப்பதற்காக எழுதப்பட்டவை. அப்படி ஒன்றைக் கண்டால் மேற்கொண்டு ஆராய வேண்டாம், அனுமதிக்கவும் வேண்டாம். அடுத்து, டூல்ஸ், கஸ்டமைஸ், ஈவென்ட்ஸ் என்ற பக்கத்தில், கோப்பின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். "ஓப்பன் டாக்குமென்ட்" என்ற வரிக்கு நேராக ஏதாவது மேக்ரோ பெயர் இருந்தால், திறந்தவுடன் ஓடுவதற்காக அது கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

கோப்பை டிராவில் திறக்கவே தயக்கமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஓடிஜி என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். ஒரு நகல் எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே இருக்கும் அடைவுகள் தெரியும். அவற்றில் பேசிக் அல்லது ஸ்கிரிப்ட்ஸ் என்ற பெயரில் அடைவு இருந்தால், உள்ளே நிரல் இருக்கிறது என்று கொண்டு விசாரிக்கலாம்.

8. நான் மேக்ரோ எழுதினதே இல்லை. நான் வரைஞ்ச படத்துக்கே எச்சரிக்கை வருதே, எப்படி?

நீங்கள் வெற்றுத் தாளில் தொடங்கியிருக்க மாட்டீர்கள். யாரோ கொடுத்த பழைய படத்தைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அதன் மேல் வரைந்திருப்பீர்கள். நம் அலுவலகங்களில் ஒரே தலைப்புக் கட்டம் பல ஆண்டுகளாகக் கை மாறிக் கை மாறி வருவது வழக்கம். அதோடு மேக்ரோவும் சேர்ந்தே வருகிறது. சில நேரம் யாரோ ஆரம்பித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் விட்ட காலி மாட்யூல்கூட இந்த எச்சரிக்கையை வரவழைக்கும்.

டிராவில், 7-ஆம் கேள்வியில் சொன்ன இடத்துக்குச் சென்று, ஆர்கனைசர் வழியாக அந்த மாட்யூலை நீக்கி, சேமித்து, மூடித் திறந்து பாருங்கள். விசியோவில் விஎஸ்டிஎக்ஸ் வகையாகச் சேமித்தால் மேக்ரோ தானாகவே விடுபட்டுவிடும். அலுவலகத்துக்கென்று ஒரு சுத்தமான வார்ப்புருவைப் புதிதாக வரைந்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அரை நாள் வேலைதான்.

9. ஹை, மீடியம், லோன்னு இருக்கே, எதுல வைக்கறது?

டிராவில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரேஆபிஸ், செக்யூரிட்டி, மேக்ரோ செக்யூரிட்டி என்று சென்றால் நான்கு நிலைகள் தெரியும். "வெரி ஹை" என்றால் நம்பகமானவை என்று நீங்கள் குறித்த அடைவுகளில் உள்ள கோப்புகளின் மேக்ரோக்கள் மட்டுமே ஓடும். "ஹை" என்றால் அவற்றோடு, நீங்கள் ஏற்றுக்கொண்டவரின் டிஜிட்டல் கையொப்பம் உள்ளவையும் ஓடும். மற்றவை கேட்காமலேயே முடக்கப்படும். நிறுவியவுடன் இருப்பது இந்த நிலைதான். "மீடியம்" ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்கும். "லோ" எதையும் கேட்காது.

விசியோவில் ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர் வழியாகச் சென்றால் மேக்ரோ செட்டிங்ஸ் இருக்கும். அறிவிப்புடன் முடக்குவதே அங்கு முதலில் இருக்கும் நிலை. அதை அப்படியே விட்டுவிடுங்கள். டிராவில் ஹை நிலையையே நான் எல்லாக் கணினிகளிலும் வைக்கிறேன். பலர் மாறி மாறி உட்காரும் கணினியில் மீடியம் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேள்வி கேட்கும் பெட்டி வந்தால் அவசரத்தில் யாராவது ஒருவர் ஆம் என்று சொல்லிவிடுவார்.

10. ஒவ்வொரு தடவையும் இதோட மல்லுக்கட்ட முடியலை. லோ வச்சுட்டா நிம்மதி இல்லையா?

தயவுசெய்து வேண்டாம். ஒரு கோப்புக்காக நிலையைத் தாழ்த்தினால், அதன்பின் அந்தக் கணினியில் திறக்கப்படும் எல்லாக் கோப்புகளுக்கும் கதவு திறந்துவிடும். தாழ்த்தியவர் மறந்துவிடுவார்; ஆறு மாதம் கழித்து உட்காருபவருக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் தொல்லைக்குச் சரியான தீர்வு நம்பகமான அடைவு. சோதித்துப் பார்த்த கோப்புகளுக்கென்று ஓர் அடைவை உருவாக்குங்கள். "சரிபார்த்த படங்கள்" என்று பெயர் வைத்தாலும் போதும். டிராவில் மேக்ரோ செக்யூரிட்டி பெட்டியின் "டிரஸ்டட் சோர்சஸ்" பக்கத்தில் "டிரஸ்டட் ஃபைல் லொகேஷன்ஸ்" என்ற பகுதியில் அந்த அடைவைச் சேருங்கள். விசியோவில் டிரஸ்ட் சென்டருக்குள் "டிரஸ்டட் லொகேஷன்ஸ்" என்று இருக்கும். அங்கு வைத்த கோப்புகள் கேள்வியின்றித் திறக்கும். வேறெங்கிருந்து வந்தாலும் தடை அப்படியே இருக்கும்.

இதில் ஒரு ஒழுங்கு அவசியம். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், பெண்டிரைவ், எல்லோரும் எழுதக்கூடிய நெட்வொர்க் அடைவு ஆகியவற்றை ஒருபோதும் நம்பகமான இடமாகச் சேர்க்கக் கூடாது. வந்த கோப்பை நேராக அங்கே போடவும் கூடாது. தொலைபேசியில் கேட்டு, உள்ளே பார்த்து, பிறகே அங்கே நகர்த்த வேண்டும். அந்தப் பொறுப்பை அலுவலகத்தில் ஒருவரிடம் மட்டும் கொடுத்துவிடுவது நல்லது.

11. நீங்க சொன்ன மாதிரி மாத்திட்டேன், ஆனா ஃபைல் இன்னும் முன்ன மாதிரியேதான் இருக்கு?

கோப்பு திறக்கும் நேரத்தில்தான் முடிவெடுக்கப்படுகிறது. திறந்திருக்கும் கோப்பை மூடி, மீண்டும் திறங்கள். இந்த அமைப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியானது என்பதால், வேறொரு பெயரில் கணினிக்குள் நுழைந்தால் அங்கே தனியாகச் செய்ய வேண்டும்.

12. விசியோவுல சிவப்புப் பட்டை வருது, எனேபிள் பட்டனே இல்லை. என்ன செய்யறது?

மஞ்சள் பட்டை உங்களைக் கேட்கிறது. சிவப்புப் பட்டை கேட்காமலேயே மறுக்கிறது. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்ற முத்திரை அதில் பதிந்திருப்பதே காரணம். பிரவுசரோ மின்னஞ்சல் நிரலோ கோப்பை இறக்கும்போது, விண்டோஸ் அதன் மூலத்தைக் கோப்போடு சேர்த்துக் குறித்துவைக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2022-இல் கொண்டுவந்த மாற்றத்தின்படி, வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், ஆக்செஸ், விசியோ ஆகிய ஐந்திலும் அந்த முத்திரை உள்ள கோப்புகளின் மேக்ரோக்கள் தொடக்கத்திலேயே தடுக்கப்படுகின்றன. மஞ்சள் பட்டையில் எல்லோரும் யோசிக்காமல் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்ததால் இந்த மாற்றம் தேவைப்பட்டது. என் பார்வையில் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது.

5-ஆம் கேள்வியில் சொன்னபடி அனுப்பியவரிடம் பேசித் தெளிந்த பிறகும் மேக்ரோ உண்மையாகவே தேவை என்றால், கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து, பிராபர்ட்டீஸ் பெட்டியின் அடியில் உள்ள "அன்பிளாக்" கட்டத்தைக் குறித்து ஓகே கொடுத்தால் முத்திரை நீங்கும். படத்தைப் பார்க்கவும் அச்சிடவும் மட்டும் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை.

13. அதே ஃபைல் பக்கத்து கம்ப்யூட்டர்ல சிவப்புப் பட்டை இல்லாம திறக்குது. அப்போ என் கம்ப்யூட்டர்லதான் கோளாறா?

கோளாறு இல்லை, முத்திரை வழியில் விழுந்துவிட்டது. அந்தக் குறிப்பு, என்டிஎஃப்எஸ் முறையில் அமைக்கப்பட்ட வட்டில்தான் கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். கடைகளில் வாங்கும் பெண்டிரைவுகள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருப்பதால், அதில் நகலெடுத்த கணமே முத்திரை தொலைந்துவிடும். நீங்கள் வாட்ஸ்அப் வெப் வழியாகப் பிரவுசரில் இறக்கியிருப்பீர்கள். பக்கத்து மேசைக்காரர் உங்களிடமிருந்து பெண்டிரைவில் வாங்கியிருப்பார். சில ஜிப் பிரிக்கும் நிரல்களும் முத்திரையை உள்ளே இருக்கும் கோப்புகளுக்குக் கடத்துவதில்லை.

கோப்பு ஒன்றுதான், ஆபத்தும் ஒன்றுதான். ஆகவே, பெண்டிரைவில் வந்தது பாதுகாப்பானது என்று ஒருபோதும் எண்ண வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்து வந்த பெண்டிரைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

14. எங்ககிட்ட விசியோ கிடையாது. அந்த ஃபைலை டிராவுல திறந்தா மேக்ரோ ஓடுமா?

ஓடாது. 2012-இல் வந்த லிப்ரேஆபிஸ் 3.5 முதல் விசியோ கோப்புகளை டிராவில் திறக்க முடிகிறது. ஆனால் அது படத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது, விபிஏ மேக்ரோவைக் கொண்டுவருவதில்லை. எழுத்துரு மாறுவது, சில அம்புக்குறிகள் இடம் பெயர்வது போன்ற சிறு குறைகள் இருக்கலாம். தமிழ் எழுத்துகள் இருக்கும் படத்தில் அதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். சந்தேகத்துக்குரிய விசியோ படத்தில் என்ன வரைந்திருக்கிறது என்று பார்க்க மட்டும் வேண்டுமானால், இதை நல்ல வழி என்றே சொல்வேன். திருத்தி மீண்டும் விசியோ கோப்பாகவே சேமிக்க டிராவால் முடியாது.

15. டெண்டருக்கு வாங்கின டிஎஸ்சி டோக்கன் இருக்கு. அதால மேக்ரோவுல கையெழுத்துப் போட்டுட்டா எச்சரிக்கை போயிடுமா?

டிஎஸ்சி என்பது டிஜிட்டல் கையொப்பச் சான்று. ஒப்பந்தப்புள்ளிக்காக வாங்கும் மூன்றாம் வகுப்புச் சான்று ஆவணங்களில் கையொப்பமிடுவதற்காகத் தரப்படுவது. நிரல்களில் கையொப்பமிட அதற்கென்றே தனிச் சான்று உண்டு. விசியோ எதிர்பார்ப்பது அதைத்தான். இதோடு, ஆவணக் கையொப்பமும் மேக்ரோக் கையொப்பமும் வேறு வேறு. படத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் உள்ளே இருக்கும் மேக்ரோவுக்கும் அவர் பொறுப்பேற்றார் என்று கொள்ள முடியாது.

பிறர் கையொப்பமிட்டு அனுப்பியதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதும் முக்கியம். கையொப்பம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: இன்னார் கையெழுத்திட்டார், அதன் பிறகு எதுவும் மாற்றப்படவில்லை. நிரல் நல்லது என்று அது சொல்வதில்லை. எச்சரிக்கைப் பெட்டியில் "இந்த மூலத்தை எப்போதும் நம்பு" என்ற பொருளில் வரும் கட்டத்தைக் குறிப்பதற்கு முன், அவர் இனி அனுப்பப்போகும் எல்லாவற்றையும் கேள்வியின்றி ஏற்கிறீர்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

16. ஆன்டிவைரஸ் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுச்சு. போதாதா?

நல்ல பழக்கம், ஆனால் போதாது. ஏற்கெனவே அறியப்பட்டவற்றையும் அவற்றைப் போன்றவற்றையும்தான் அது கண்டுபிடிக்கும். நேற்று எழுதப்பட்ட மேக்ரோ தப்பிவிடலாம். ஆபத்து என்று சொன்னால் நம்புங்கள்; இல்லை என்று சொன்னால் 5, 7 ஆகிய கேள்விகளில் சொன்னவற்றையும் செய்யுங்கள்.

17. ஹை நிலையில வச்சுட்டேன். இனிமே கவலை இல்லையே?

மென்பொருள் பழையதாக இருந்தால் கவலை உண்டு. 2019-இல் லிப்ரேஆபிஸில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. கட்டளைகள் எழுதிக் கோடு வரையக் கற்றுக்கொள்ளும் ஆமை வரைகலைக்காக அதனோடு வரும் லிப்ரேலோகோ என்ற சிறு நிரலைப் பயன்படுத்தி, ஆவணத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோனாலே எச்சரிக்கை எதுவும் இன்றி வேறு கட்டளைகளை ஓடவிட முடிந்தது. 6.2.5 பதிப்பில் சரிசெய்தார்கள். அதையும் சுற்றிச் செல்ல வழி இருப்பது தெரிந்து, 6.2.6 பதிப்பில் மேலும் திருத்தினார்கள். லிப்ரேலோகோ நம்மில் யாரும் தொட்டுக்கூடப் பார்க்காத ஒன்று. ஆனாலும் அது எல்லோருடைய கணினியிலும் இருந்தது.

லிப்ரேஆபிஸ் இலவசம். புதுப்பிக்கச் செலவு இணையத் தரவு மட்டுமே. அப்படியிருந்தும் பல ஆண்டுப் பழைய பதிப்புகள் நம் ஊர் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஹெல்ப் மெனுவில் "அபவுட்" என்ற இடத்தில் உங்கள் பதிப்பின் எண்ணை இன்றே பாருங்கள்.

18. ஆட்டோகேட்ல வேற மாதிரி எச்சரிக்கை வருது. இதுவும் அதுவும் ஒண்ணா?

அடிப்படை ஒன்றுதான். அங்கே நிரல் பெரும்பாலும் படத்துக்குள் இல்லாமல், படம் இருக்கும் அடைவிலேயே எல்எஸ்பி, எஃப்ஏஎஸ் போன்ற பின்னொட்டுகளோடு தனிக் கோப்பாக இருக்கும். படங்களைக் கேட்டால் மொத்த அடைவையும் ஜிப் செய்து அனுப்புவது வழக்கமாகிவிட்டதால் அதுவும் கூடவே வந்துவிடுகிறது. 2012-இல் கண்டறியப்பட்ட ஏகேட்/மெட்ரே என்ற புழு இந்த வழியில்தான் பரவி, பெரு நாட்டில் ஏராளமான வரைபடங்களைத் திருடி மின்னஞ்சலில் வெளியே அனுப்பியது. நீங்கள் கேட்காத எல்எஸ்பி கோப்பு வந்திருந்தால் "டூ நாட் லோட்" கொடுங்கள். இத்தகைய நிரல்கள் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் செக்யூர்லோட் என்ற அமைப்பை யார் சொன்னாலும் பூஜ்யமாக்க வேண்டாம்.

19. தெரியாம எனேபிள் கொடுத்துட்டேன் சார். இப்ப என்ன செய்யறது?

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்குங்கள் அல்லது வைஃபையை நிறுத்துங்கள். டிஎஸ்சி டோக்கனையும் பெண்டிரைவையும் எடுத்துவிடுங்கள். வேறு கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டாம், அந்தக் கோப்பை அழிக்கவும் வேண்டாம். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அது தேவைப்படும். பிறகு முழுக் கணினியையும் வைரஸ் சோதனைக்கு உட்படுத்துங்கள். மின்னஞ்சல், வங்கி, ஒப்பந்தப்புள்ளித் தளம் ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ மாற்றுங்கள். அதே கணினியில் மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் போய்ச்சேரலாம்.

டிராவில் "மை மேக்ரோஸ்" பகுதியைப் பார்த்து, நீங்கள் அறியாத மாட்யூல் ஏதாவது வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு நிலையும் நீங்கள் வைத்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம். திட்டுவார்களே என்று மேலதிகாரியிடம் சொல்லாமல் மறைத்தவர்களால்தான் ஒரு கணினியோடு போயிருக்க வேண்டியது அலுவலகம் முழுவதும் பரவியது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அலுவலகப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வந்து சொல்பவரைத் திட்டாதீர்கள்.

20. நாங்க அனுப்புற படத்துக்கு அடுத்தவங்க பயப்படாம இருக்கணும்னா நாங்க என்ன செய்யணும்?

பார்க்கவும் அச்சிடவும் மட்டும் தேவைப்படுபவருக்குப் பிடிஎஃப் அனுப்புங்கள். ஊராட்சி அலுவலகத்துக்கும், வாய்க்கால் பாசனதாரர் சங்கத்துக்கும், ஜெசிபி ஓட்டுநரின் கைபேசிக்கும் அதுவே போதும். திருத்த வேண்டியவருக்கு விசியோ என்றால் விஎஸ்டிஎக்ஸ், டிரா என்றால் மாட்யூல் நீக்கிய ஓடிஜி.

மேக்ரோவை நீங்கள் மட்டுமே பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதைக் கோப்புக்குள் வைக்காமல் லிப்ரேஆபிஸின் "மை மேக்ரோஸ்" பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கணினியிலேயே தங்கும். எந்தப் படத்தின் மேலும் ஓடவிடலாம். அனுப்பும் கோப்பு சுத்தமாக இருக்கும். படத்திலேயே பொத்தான் வைத்து அந்த மேக்ரோவோடு இணைத்திருந்தால் மட்டும், அனுப்புவதற்கு முன் பொத்தானை எடுத்துவிடுங்கள், ஏனெனில் பெறுபவரின் கணினியில் அது இயங்காது.

மேக்ரோவோடுதான் அனுப்பியாக வேண்டும் என்றால், அது என்ன செய்கிறது, எந்தப் பொத்தானில் இருக்கிறது, அனுமதிக்காவிட்டால் எது இயங்காது என்று இரண்டு வரி எழுதி, படத்தின் முதல் பக்கத்தில் ஓரமாக ஒரு கட்டத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் தனியாக எழுதினால் அடுத்தவருக்கு அனுப்பும்போது அந்தச் செய்தி கூடப் போகாது.